முதல் பால்சா விமானம்: கிட்டும் பிளானும் தேடுவது எப்படி

பால்சா என்ற லேசான மரத்தில் மாடல் விமானம் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் ஒரு போர் விமானத்தைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெட்டியின் மேல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாயும் ஸ்பிட்ஃபயர் படம். உள்ளே பாதி வெட்டியும் வெட்டாமலும் இருந்த மரத்தகடுகள், எட்டாக மடித்த பிளான் (கட்டுவதற்கான வரைபடம்), கொஞ்சம் டிஷ்யூ பேப்பர், ஒரு ரப்பர். கட்டி முடிக்க மூன்று மாதம் ஆனது. மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கையிலிருந்து விட்டேன். தலையைத் தூக்கியது, ஒரு நொடி அந்தரத்தில் நின்றது, அப்படியே சரிந்து விழுந்தது. மூக்கில் ஈயத்தை அப்பி மறுபடி விட்டபோது கல் மாதிரி நேராக இறங்கியது. இரண்டாவது தடவையில் இறக்கை போய்விட்டது.

தப்பு கட்டுவதில் மட்டும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. எதைக் கட்டுவது என்று தேர்ந்தெடுத்த அன்றே பாதி தோற்றுவிட்டேன். அதனால் இப்படிப் பெட்டியாக வரும் கிட்டையும், பிளானையும் எங்கே தேடுவது என்பதற்கு முன்னால், எதைத் தேடுவது என்று பார்த்துவிடலாம்.

முதல் விமானம் எப்படி இருக்க வேண்டும்

கையால் எறியும் கிளைடர், ரப்பர் முறுக்கில் பறப்பது, மின் மோட்டார் வைத்து ரேடியோவில் ஓட்டுவது என்று முக்கியமாக மூன்று வழி. கிளைடர் ஒரு மாலையில் முடிந்துவிடும், எறிந்து பழக நல்லது. ரேடியோ விமானத்துக்கு மோட்டார், பேட்டரி, சர்வோ என்று தனி உலகமே இருக்கிறது. அதோடு ஓட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும். பால்சாவைக் கையாளக் கற்றுக்கொள்ள ரப்பர் விமானம்தான் சரியான இடம் என்பது என் கட்சி. இனி சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். கிட், பிளான் தேடும் முறை மற்றவற்றுக்கும் பொருந்தும்.

ரப்பர் விமானத்தை விட்ட பிறகு அதைத் திருத்த யாரும் இல்லை. அதுவே தன்னைச் சமாளித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டியவை: இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும். இறக்கையின் இரு நுனிகளும் மேல்நோக்கி நன்றாகத் தூக்கியிருக்க வேண்டும், இதை டைஹீட்ரல் என்பார்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் தானாக நிமிர வைப்பது அதுதான். வால் பெரிதாகவும் இறக்கையிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். மூக்கு ஓரளவு நீளமாக இருந்தால் ஈயம் தேவைப்படாது. போர் விமானத்தில் இவை எல்லாமே தலைகீழ். தாழ்ந்த இறக்கை, குட்டி வால், குட்டை மூக்கு. நிஜத்தில் உள்ளே ஒரு விமானி உட்கார்ந்து ஓட்டுவதால் அது பறக்கிறது. நம்முடையதில் விமானி இல்லை.

அளவில், இறக்கை நுனிக்கு நுனி 45 முதல் 75 செ.மீ. வரை இருப்பது வசதியானது. 'பீனட் ஸ்கேல்' என்று ஒரு வகை உண்டு, அதிகபட்சம் 13 அங்குலம், அதாவது 33 செ.மீ. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். சின்னதுதானே, சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த அளவில் கூடுதலாக விழும் ஒரு சொட்டுப் பசையும் எடைதான். பீனட்டை மூன்றாவது நான்காவது விமானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால், ஒன்றுமே கட்டியிராதவருக்கு நான் சொல்வது டெல்டா டார்ட். அமெரிக்காவின் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் அமைப்புக்காக ஃப்ராங்க் ஏலிங் 1960-களில் வடிவமைத்தது. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. அச்சிட்ட பிளான் காகிதத்தின் மேலேயே குச்சிகளை ஒட்டிவிட்டு, ஓரத்தை வெட்டி எடுத்தால் அந்தக் காகிதமே இறக்கையின் மேலுறை. பிளானும் உறையும் ஒன்றே. சிறுவர்களோடு உட்கார்ந்து கட்டுவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் பறந்துவிடும்.

அடுத்த படிக்கு, பழைய கீல்கிராஃப்ட் நிறுவனத்துக்காக ஆல்பர்ட் ஹாட்ஃபுல் வடிவமைத்த ஏஜாக்ஸ், செனட்டர் மாதிரியானவை. செனட்டரின் இறக்கை 32 அங்குலம், சுமார் 81 செ.மீ. நான் சொன்ன அளவைக் கொஞ்சம் தாண்டினாலும் பெட்டி போன்ற உடல், உயர்ந்த இறக்கை, அலங்காரம் எதுவும் கிடையாது. கட்டவும் பறக்கவிடவும் என்றே வரைந்த விமானம். இல்லாவிட்டால் பி-30 வகை. இது ஒரு போட்டி வகை: நீளமும் இறக்கையும் 30 அங்குலத்துக்குள், ரப்பர் 10 கிராமுக்குள், ரப்பர் இல்லாத எடை 40 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 40 கிராம் என்பது புதியவருக்கும் எட்டக்கூடிய எடை. அதனால் இதில் தேடினால் கட்டக்கூடிய பிளான்கள் நிறையக் கிடைக்கும்.

கிட் வாங்கும்போது

கிட் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் பெட்டிக்குள் இருப்பது பெட்டிக்குப் பெட்டி வேறு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பாகங்களின் வடிவம் மரத்தகட்டில் அச்சாகி மட்டும் இருக்கும், வெட்டுவது நம் பொறுப்பு. அதற்கு அடுத்தது டை கட். அச்சு வைத்து அழுத்தி வெட்டியது. அச்சு கூராக இருந்த காலத்தில் செய்த பெட்டி என்றால் பாகம் தொட்டதும் வரும். மழுங்கிய பிறகு செய்தது என்றால் மரம் நசுங்கியிருக்கும், பிடுங்கினால் பாகம் உடையும். அப்படி வந்தால் பிடுங்காதீர்கள், புது பிளேடால் கோட்டின் மேல் ஒருமுறை ஓட்டிவிட்டு எடுங்கள். மூன்றாவது லேசர் கட். இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் இதையே வாங்குங்கள். விளிம்பு லேசாகக் கருகியிருக்கும், உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போய்விடும். பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும்.

இதோடு 'ஷார்ட் கிட்' என்று ஒன்று உண்டு. வளைவான பாகங்களை மட்டும் லேசரில் வெட்டித் தருவார்கள். நீளக் குச்சிகள், தகடுகள், காகிதம், ப்ரொப்பெல்லர் எல்லாம் நாம்தான் வாங்கிச் சேர்க்க வேண்டும். சிலவற்றில் பிளான்கூட இருக்காது. பெரிய நிறுவனங்கள் தயாரிக்காத அபூர்வமான விமானங்கள் இந்த வடிவில்தான் கிடைக்கும். முதல் விமானத்துக்கு வேண்டாம். மரம் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு, இதுதான் எனக்குப் பிடித்த வழி.

வாங்கும் முன் விவரத்தில் நான்கு விஷயம் பாருங்கள். பிளான் முழு அளவில் இருக்கிறதா? ப்ரொப்பெல்லரும் ரப்பரும் உள்ளே உண்டா? லேசரா, டை கட்டா? முடிந்த விமானத்தின் எடை எழுதியிருக்கிறதா? கடைசியதை எழுதியிருக்கிற கிட்டைச் செய்தவர் அதைப் பறக்கவிட்டும் பார்த்திருப்பார் என்று நம்பலாம். பசை எந்தப் பெட்டியிலும் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைப் பொறுத்தவரை, 1926-இல் தொடங்கிய அமெரிக்காவின் கில்லோஸ் மிகப் பழையது, பரவலாகத் தெரிந்தது. அவர்கள் பட்டியலிலும் போர் விமானங்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றைத் தாண்டிப் போய், எளிய பயிற்சி விமானங்கள் இருக்கும் வரிசையைப் பாருங்கள். டூமாஸ் பெட்டிகளில் நிஜ விமானங்களின் நகல்கள் அதிகம். பிரிட்டனில் வெஸ்ட் விங்ஸ், பழைய கீல்கிராஃப்ட் வடிவங்களை லேசரில் மறுபடி கொண்டுவந்த விண்டேஜ் மாடல் கம்பெனி. ரேடியோ பக்கம் போகிறவர்களுக்கு அமெரிக்காவின் சிக், சீனாவின் டான்சிங் விங்ஸ் ஹாபி.

யாரோ பரணில் போட்டுவைத்த முப்பது வருடப் பழைய பெட்டி கிடைத்தால்? வாங்கலாம். பால்சா உலர்ந்த இடத்தில் இருந்தால் கெடாது. காகிதம் முறுகியிருக்கும், ஸ்டிக்கர் மஞ்சளாகியிருக்கும். ரப்பர் இழுத்தவுடன் புட்டுப் போல உதிரும். இவற்றைப் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தகடுகளில் பாக எண்களைப் பிளானோடு ஒப்பிட்டு எதுவும் காணாமல் போகவில்லை என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரிக்காத பெட்டி என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டால் அது சேகரிப்பவர்களுக்கான விலை, கட்டுகிறவர்களுக்கானது இல்லை. அதே விமானத்தின் பிளான் இலவசமாகவே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பிளான் தேடும்போது

பிளானுக்குப் பஞ்சமே இல்லை. 1930-களிலிருந்து மாடல் விமானப் பத்திரிகைகள் இதழுக்கு இதழ் பிளான் வெளியிட்டு வந்திருக்கின்றன. 1935-இல் ஆரம்பித்த பிரிட்டிஷ் பத்திரிகை ஏரோமாடல்லர் அதில் முக்கியமானது. அமெரிக்கப் பத்திரிகைகளில் எர்ல் ஸ்டால் வரைந்த ரப்பர் விமானங்களை இன்றும் கட்டுகிறார்கள். பீனட் அளவில் வால்ட் மூனியின் வரைபடங்கள் ஏராளம். இந்தப் பழைய தாள்களைத் தன்னார்வலர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவுட்டர்ஜோன், ஏரோஃப்ரெட், ஹிப் பாக்கெட் ஆகிய மூன்றும் போதும், ஆயுசுக்கும் கட்டலாம்.

அதுவே ஆபத்தும்கூட. என் கணினியில் நானூறுக்கு மேல் பிளான் இருக்கிறது. கட்டியது பதினொன்று. இறக்கிச் சேர்ப்பதே ஒரு பொழுதுபோக்காகிவிடும், கவனம்.

வெறுமனே விமானத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் எட்டடி இறக்கை கொண்ட பெட்ரோல் இன்ஜின் விமானம்கூட வந்து நிற்கும். ரப்பர் என்ற வகையையும் இறக்கை அளவையும் சேர்த்து வடிகட்டுங்கள். கட்டியவர்கள் போட்ட புகைப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். படம் இருந்தால் யாரோ ஒருவராவது முடித்திருக்கிறார் என்று அர்த்தம். பிளானோடு வெளியான பத்திரிகைக் கட்டுரையும் இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கையை எந்த வரிசையில் கட்டுவது, எடை மையம் எங்கே வைப்பது போன்றவை பல சமயம் அதில்தான் இருக்கும்.

பிளானைத் திறந்ததும் முதலில் பாகங்களின் முழு வடிவம் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். இறக்கையின் விலா எலும்புகளான ரிப்கள், உடலின் குறுக்குச் சட்டங்கள், வால். எல்லாம் வரைந்திருந்தால் நல்லது. சில பழைய பிளான்களில் ஒரே ஒரு ரிப் வரைந்துவிட்டு மற்றவற்றை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்பார்கள். இறக்கை ஒரே அகலமாக இருந்தால் பரவாயில்லை, எல்லா ரிப்பும் ஒன்றுதான். நுனி குறுகும் இறக்கை என்றால் புதியவர் மாட்டிக்கொள்வார்.

இடம் மிச்சப்படுத்துவதற்காக ஒரு பக்க இறக்கையை மட்டும் வரைவதும் வழக்கம். இதை நான் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அதே படத்தின் மேல் இரண்டு இறக்கை கட்டினேன். பசை காய்ந்து, பிளானிலிருந்து எடுத்து, உடலோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் வலது இறக்கை. இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. தாளின் மேல் சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள். தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். திருப்பிப் போட்டால் இடது இறக்கை தயார். கணினி வழி பிளான் என்றால் அச்சிடும்போதே கண்ணாடிப் பிம்பமாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

அச்சிடுவது

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். அச்சுப்பொறி, யாரும் கேட்காமலேயே, தாளுக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கிவிடும். அச்சிடும் இடத்தில் 'அசல் அளவு' அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் ஏ4 தாள்தான் என்றால் 'போஸ்டர்' முறையில் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டலாம். ஓரங்களில் வெட்டுக்குறி வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அகலத் தாளில் எடுத்துத் தரும் நகல் கடை பக்கத்தில் இருந்தால் அதுவே மேல், ஒட்டும் இடத்தில் கோணல் வராது.

எப்படி எடுத்தாலும் முதலில் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 24 அங்குல இறக்கை என்றால் நடுவிலிருந்து நுனி வரை படத்தில் 305 மி.மீ. இருக்க வேண்டும். 295 வந்தால் அச்சுப்பொறி 97 சதவீதமாகச் சுருக்கியிருக்கிறது. நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று என்று இரண்டு திசையிலும் அளப்பது நல்லது. பழைய தாள் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் ஸ்கேனிலும் அப்படியேதான் இருக்கும். ஓரிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தால் விமானம் விழுந்துவிடாது. ஆனால் பாகங்கள் ஒரு தாளிலும் இறக்கைப் படம் இன்னொரு தாளிலும் இருந்தால் இரண்டையும் ஒரே இயந்திரத்தில் ஒரே நாளில் எடுங்கள். இல்லாவிட்டால் ரிப் தன் இடத்தில் உட்காராது.

பிளானைப் பெரிதாக்கிக் கட்டலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். செய்யலாம், ஆனால் மரத்தின் தடிமன் படத்தோடு பெரிதாகாது. 20 சதவீதம் பெரிதாக்கினால் 1.6 மி.மீ. குச்சிக்கான பள்ளம் 1.9 ஆகிவிடும், கடையில் கிடைப்பதோ அதே 1.6 மி.மீ. குச்சி. ஒவ்வொரு பள்ளத்தையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும். முதல் விமானத்தை வரைந்த அளவிலேயே கட்டிவிடுங்கள்.

மரம்

கிட் வாங்கினால் இந்தக் கவலை குறைவு. பிளானிலிருந்து கட்டினால் மரம் உங்கள் பொறுப்பு. பழைய பிளான்களில் அளவெல்லாம் அங்குலப் பின்னத்தில் இருக்கும்: 1/16 என்றால் 1.6 மி.மீ., 3/32 என்றால் 2.4, 1/8 என்றால் 3.2. கடையில் 1.5, 2.5, 3 என்று கிடைப்பவை பெரும்பாலும் ஈடாகிவிடும். ரிப்பின் பள்ளத்தை மட்டும் கையில் இருக்கும் குச்சிக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளுங்கள்.

பால்சாவில் பெரும்பகுதி எக்வடாரிலிருந்து வருகிறது. வேகமாக வளரும் மரம், அதனால் ஒரு தகடு போல இன்னொன்று இருக்காது. 1.5 மி.மீ. தடிமன், 75 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளத் தகட்டை எடுத்துக்கொண்டால், லேசானது 11 கிராம் இருக்கும், கனமானது 22 கிராம். கடை அடுக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி கிடக்கும். சின்னத் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கூச்சப்படாதீர்கள். இணையத்தில் வாங்கும்போது 'லேசானது' என்று பிரித்து விற்கிறார்களா என்று பாருங்கள்.

எடையோடு நார் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். தகட்டை அகலவாட்டில் மெதுவாக வளையுங்கள். குழாய் போலச் சுருள்கிறதா? அது ஏ-கிரெய்ன், வளைவான இடங்களைப் போர்த்த. வளைய மறுத்து விறைப்பாக நிற்கிறதா, மேலே மீன் செதில் மாதிரி பளபளப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? அது சி-கிரெய்ன். ரிப்புக்கும் தட்டையான வாலுக்கும் அதுதான். வளைத்தால் பட்டென்று பிளந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பி-கிரெய்ன், பொது உபயோகத்துக்கு. உடலின் நீளச் சட்டங்கள் நான்கையும் ஒரே தகட்டிலிருந்து உரித்து எடுங்கள். ஒன்று விறைப்பாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால் உடல் வாழைப்பழம் போல வளைந்து நிற்கும்.

படத்திலிருந்து மரத்துக்கு

ரிப், குறுக்குச் சட்டம் போன்ற பாகங்களின் வடிவத்தைத் தகட்டில் ஏற்ற எனக்குப் பிடித்த வழி இஸ்திரிப் பெட்டி. லேசர் அச்சு அல்லது நகல் இயந்திரத்தில் பாகங்களைக் கண்ணாடிப் பிம்பமாக எடுத்து, மை படிந்த பக்கம் மரத்தில் படும்படி கவிழ்த்து வைத்து, நீராவி இல்லாமல் சூடாகத் தேய்த்தால் கறுப்பு மை மரத்துக்கு மாறிவிடும். இங்க்ஜெட் அச்சில் இது நடக்காது. அதற்கு, தாளைப் பசைக் குச்சியால் லேசாக ஒட்டி, அதன் மேலேயே வெட்டி, பிறகு உரித்துவிடலாம். நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பிளானில் அம்புக்குறி இருக்கும். அது இல்லாவிட்டால் பாகத்தின் நீளவாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளானை மென்மையான பலகையின் மேல் விரித்து, சுருக்கம் இல்லாமல் ஒட்டி, மேலே மெழுகுத்தாள் அல்லது மெல்லிய பாலிதீன் போடுங்கள். இல்லாவிட்டால் பசை கசிந்து இறக்கையோடு பிளானும் சேர்ந்து வரும். குண்டூசியைக் குச்சிக்குள் குத்தாதீர்கள், இரண்டு பக்கமும் அணைத்தாற்போல் குத்துங்கள். துளை விழுந்த 1.6 மி.மீ. குச்சி முதல் இறக்கத்திலேயே அந்த இடத்தில் முறியும்.

அப்புறம், ரிப் வெட்டும்போது பிளான் கேட்பதைவிட இரண்டு கூடுதலாக வெட்டி ஒரு உறையில் போட்டு, மேலே விமானத்தின் பெயரை எழுதி வையுங்கள். என் செனட்டரின் உறையில் இப்போது ஒன்றுதான் மிச்சம்.